நரம்பில்லாத உயிருக்கும் அமிலம் தெரியும்

வெதுவெதுப்பான கடல்களின் கரையோரத்தில், பாசி படிந்த பாறைகளின் மேல் டிரைக்கோபிளாக்ஸ் என்றொரு உயிர் ஊர்கிறது. அதற்கு வாய் இல்லை, குடல் இல்லை, தசை இல்லை, ஒரு நரம்பு செல்கூட இல்லை. ஓரிரு மில்லிமீட்டர் அகலம், மில்லிமீட்டரில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு தடிமன். தட்டையான செல் படலம், அவ்வளவுதான். அதன் செல் சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. அமிலம் பட்டதும் அது திறந்து, கடல்நீரின் சோடியத்தை செல்லுக்குள் விடுகிறது. அயனிகளுக்கு இப்படி வழிவிடும் புரதக் கதவைச் சேனல் என்பார்கள். நம் மூளையிலும் வலி நரம்புகளிலும் அமிலத்தை உணரும் சேனல்களும் இதே பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

நரம்பே இல்லாத உயிரில் இப்படியொரு சேனல் இருப்பது இரண்டு கேள்விகளை எழுப்புகிறது. ஒன்று, சோடியம் வழிந்தோடும் அளவுக்கு ஒரு புரதத்தை அமிலம் எப்படித் திறக்கிறது? இரண்டு, அதனுடைய அமில உணர்வும் நம்முடையதும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த சொத்தா, இல்லை தனித்தனியாகச் சம்பாதித்ததா? இரண்டாவது கேள்விக்குக் கிடைத்திருக்கும் விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் முதல் கேள்வியைத் தாண்டாமல் அங்கே போக முடியாது.

அமிலத்தன்மை என்பது நீரில் புரோட்டான்கள் எத்தனை இருக்கின்றன என்பதன் கணக்கு. எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன்தான் புரோட்டான். நீரில் அது தனியாக நிற்பதில்லை, நீர் மூலக்கூறுகளைத் தொற்றிக்கொண்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். கடல்நீரின் பிஎச் அளவு சுமார் 8.1. அதாவது ஒரு லிட்டரில் ஏறக்குறைய 8 நானோமோல் புரோட்டான்கள் (மோலில் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோமோல்). அதே லிட்டரில் சோடியம் கிட்டத்தட்ட 0.47 மோல். வகுத்துப் பார்த்தால் ஒரு புரோட்டானுக்கு சுமார் 6 கோடி சோடியம் அயனிகள் வருகின்றன. பிஎச் 5 அளவுக்கு அமிலம் ஏறினால்கூட ஒரு புரோட்டானுக்கு 47,000 சோடியம் இருக்கும். பிஎச் ஒவ்வொரு எண் இறங்கும்போதும் புரோட்டான் பத்து மடங்கு கூடுகிறது என்பதால்தான் இந்தப் பெரிய வித்தியாசம்.

இந்த விகிதத்தில்தான் சேனலின் முழு சூட்சுமமும் இருக்கிறது. சேதி சொல்வது அரிதான புரோட்டான். வேலையைச் செய்வது அள்ள அள்ளக் குறையாத சோடியம். செல்லுக்குள் சோடியம் குறைவு, வெளியே மிக அதிகம். அதோடு செல்லின் உட்புறம் வெளியைவிட எதிர்மின் தன்மையோடு இருக்கும். செறிவு, மின்னழுத்தம் இரண்டும் சோடியத்தை உள்நோக்கியே தள்ளுகின்றன. ஒரு சேனல் திறந்தால் நொடிக்குப் பத்து லட்சக்கணக்கில் சோடியம் அயனிகள் நுழையும், செல்லின் மின்னழுத்தம் நேர்ப்பக்கம் தாவும். அந்தத் தாவலைக் கேட்டு கால்சியம் சேனல்கள் திறக்கலாம், சுரப்புப் பைகள் வெடிக்கலாம், நுண்மயிர்கள் நிற்கலாம். இதற்கெல்லாம் நரம்பு தேவையில்லை. சவ்வும் அயனி வேறுபாடும் இருந்தால் போதும்.

கைபோல ஒரு புரதம்

நரம்பு செல்லின் மேல் திடீரென்று அமிலத்தைப் பாய்ச்சினால் சோடியம் மின்னோட்டம் எழுகிறது என்பதை 1980-இல் கீவ் நகரில் ஓலெக் கிரிஷ்டாலும் பிடோப்ளிச்கோவும் எலியின் உணர்வு நரம்புகளில் காட்டினார்கள். அதற்குக் காரணமான புரதத்தின் மரபணு 1997-இல்தான் பிரான்சில் மிஷேல் லஸ்டுன்ஸ்கியின் குழுவிடம் சிக்கியது. அமில உணர் அயனிச் சேனல் என்பதன் ஆங்கிலச் சுருக்கமான ஏசிக் என்ற பெயரே இன்று புழக்கத்தில் இருக்கிறது. நாமும் அப்படியே சொல்வோம். ஏசிக் தனி இனம் அல்ல, டெக்/ஈனாக் என்ற பெரிய குடும்பத்தின் ஒரு கிளை. சிறுநீரகத்தில் சோடியத்தை மீட்டெடுக்கும் ஈனாக், புழுக்களில் தொடுதலை உணரும் டெஜெனரின்கள், நத்தைகளில் பெப்டைடுகள் எனும் குட்டிப் புரதத் துணுக்குகளால் திறக்கும் சேனல்கள் எல்லாம் இதே குடும்பம்தான்.

ஏசிக்கில் பல வகைகள் உண்டு, அவற்றை ஏசிக்1ஏ, ஏசிக்3 என்று எண்ணும் எழுத்தும் சேர்த்துக் குறிப்பார்கள். 2007-இல் எரிக் கூவோவின் குழு கோழியின் ஏசிக்1 புரதத்தின் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டது. அதைப் பார்த்தபோதுதான் இந்தக் குடும்பம் எப்படி வேலை செய்கிறது என்று யோசிக்கவே ஒரு பிடி கிடைத்தது. மூன்று துண்டுகள் ஒன்றோடொன்று பின்னி ஒரு சேனல் ஆகின்றன. ஒவ்வொரு துண்டும் செல் சவ்வை இரண்டு முறை துளைத்துச் செல்கிறது. மீதிப் பெரும்பகுதி செல்லுக்கு வெளியே, நீரில் நிற்கிறது. அந்த வெளிப்பகுதி பந்தைப் பற்றிய கையைப்போல இருந்ததால் அதன் பகுதிகளுக்கு மணிக்கட்டு, உள்ளங்கை, கட்டைவிரல், விரல், முட்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மணிக்கட்டு சவ்வுக்கு அருகில் இருக்கிறது, அதற்குக் கீழேதான் சோடியம் போகும் துளை. விரலும் கட்டைவிரலும் சவ்விலிருந்து தள்ளி, வெளியே இருக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது, அமிலம் படும் இடமும் கதவு திறக்கும் இடமும் ஒன்றல்ல. புரோட்டான் மேலே, கைப்பகுதியில் ஒட்டுகிறது. துளை கீழே, சவ்வுக்குள் இருக்கிறது. இடையில் இருக்கும் தூரத்தைப் புரதமே தன் உடம்பை வளைத்துக் கடக்க வேண்டும்.

அது எப்படி நடக்கிறது? புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களில் ஆஸ்பார்டிக் அமிலம், குளூட்டமிக் அமிலம் என்ற இரண்டும் சாதாரண நீரில் எதிர்மின்னேற்றத்தோடு இருப்பவை. ஏசிக்கின் விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே இவை கூட்டமாக, ஜோடி ஜோடியாக நிற்கின்றன. அந்தக் குழிக்கு அமிலப் பை என்று பெயர். ஒரே மின்னேற்றம் கொண்டவை பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்றையொன்று தள்ளும். அதனால் சாதாரண பிஎச்சில் அந்தப் பை விரிந்தே இருக்கிறது. புரோட்டான்கள் பெருகினால் ஜோடியில் ஒன்று ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொள்ளும். மின்னேற்றம் தணியும், தள்ளுவதற்குப் பதில் இரண்டும் அந்தப் புரோட்டானைப் பகிர்ந்துகொண்டு நெருங்கும். இப்படிப் பல ஜோடிகள் ஒரே நேரத்தில் நெருங்கும்போது கட்டைவிரல் விரலை நோக்கிச் சாய்கிறது, பை மூடுகிறது. அந்த அசைவு உள்ளங்கையின் கீழ்ப்பகுதியை வெளிப்பக்கமாக இழுக்கிறது. அங்கிருந்து மணிக்கட்டு வழியாக இழுப்பு சவ்வுக்குள் போய், துளையைச் சுற்றியிருக்கும் மூன்று சுருள்களையும் விலக்குகிறது. சோடியம் பாய்கிறது. இத்தனையும் நடந்து முடிய ஆவது சில மில்லிநொடிகள்.

துளைக்குள் கிளைசின், அலனின், செரின் என்று மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து வரும் ஒரு குறுகலான இடம் இருக்கிறது, இந்தக் குடும்பம் முழுவதிலும் அது பெரிதாக மாறுவதில்லை. பொட்டாசியத்தைவிட சோடியத்தை எளிதில் விடும் குணத்தில் அந்தப் பகுதிக்கும் பங்குண்டு. கையில் எவ்வளவு மாற்றம் வந்தாலும் துளை அதே பழைய துளைதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அமிலப் பைதான் அமிலத்தை உணரும் உறுப்பு என்று பல இடங்களில் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். அந்தப் பையிலுள்ள மின்னேற்றங்களை மரபணு மாற்றத்தால் நீக்கிய பிறகும் ஏசிக் அமிலத்துக்குத் திறக்கிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. உள்ளங்கையிலும் மணிக்கட்டுக்கு அருகிலும் புரோட்டானை ஏற்கும் இடங்கள் இருக்கின்றன. குறிப்பாக அமினோ அமிலச் சங்கிலியின் 73-ஆவது இடத்தில் வரும் ஹிஸ்டிடினும், பக்கத்துத் துண்டோடு கைகோக்கும் 211-ஆவது லைசினும் மாறினால் சேனல் கிட்டத்தட்ட செயலிழக்கிறது. ஆக, இது ஒரே ஒரு பொத்தானை அழுத்தும் காரியம் இல்லை. பரவிக் கிடக்கும் பல சிறு மின்னேற்றங்களின் கூட்டு முடிவு.

திறந்த சேனல் திறந்தே இருப்பதும் இல்லை. அமிலம் இன்னும் அங்கேயே இருந்தாலும் நொடிக்கணக்கில், சில வகைகளில் அதற்கும் குறைவான நேரத்தில், துளை மூடிக்கொள்ளும். இதை மரத்துப்போதல் என்று சொல்லலாம். உள்ளங்கையில் இருக்கும் ஒரு சின்ன இணைப்புத் துண்டு புரண்டுவிடுகிறது. மேலே பை மூடியபடியே இருக்க, கீழே துளை மட்டும் அந்த இழுப்பிலிருந்து விடுபட்டுவிடுகிறது. புரோட்டான்கள் விலகி, பழைய நிலைக்குத் திரும்பினால்தான் மறுபடி திறக்க முடியும். இன்னொன்று, அமிலம் மெதுவாக ஏறினால் ஏசிக்1ஏ திறக்காமலேயே மரத்துப்போய்விடும். அது பொறுமையாக அளவெடுக்கும் கருவி இல்லை. திடீர் மாற்றத்தைப் பிடிக்கும் கருவி.

இந்த மூன்று நிலைகளையும், அதாவது ஓய்வு, திறப்பு, மரத்த நிலை ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிடித்துப் படமெடுக்க ஆய்வாளர்களுக்குப் பல ஆண்டுகள் ஆயின. ஓய்வு நிலையின் வடிவம் 2018-இல்தான் வந்தது. திறந்த நிலையைப் பிடிக்க டெக்சஸ் பவளப்பாம்பின் நஞ்சு உதவியது. அது சேனலைத் திறந்த நிலையிலேயே பூட்டிவிடுகிறது. கறுப்பு மாம்பாவின் நஞ்சிலும் ஒருவகை டாரண்டுலா சிலந்தியின் நஞ்சிலும் ஏசிக்கைப் பிடிக்கும் புரதங்கள் உண்டு. பூப்போன்ற கடல் விலங்கான கடல் சாமந்தியும் இதில் சேர்த்தி. ஆந்தோப்ளூரா எலிகன்டிசிமா என்ற கடல் சாமந்தி தயாரிக்கும் 42 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு நஞ்சு, பாலூட்டிகளின் ஏசிக்3-ஐத் தேடிப் பிடித்து அடைக்கிறது. சரி, கடலுக்கே போவோம்.

டிரைக்கோபிளாக்ஸின் சேனல்

1883-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், கடல்நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டியின் சுவரில் ஊர்ந்துகொண்டிருந்த டிரைக்கோபிளாக்ஸை ஃபிரான்ஸ் ஐல்ஹார்ட் ஷூல்ட்ஸே கண்டார். நீண்ட காலம் அது வேறொரு விலங்கின் குஞ்சு வடிவம் என்றே பலர் நம்பினார்கள். 2008-இல் அதன் மரபணுத் தொகுதி வெளியானபோதுதான் வியப்பு முழுதாகத் தெரிந்தது. சுமார் 11,500 மரபணுக்கள். அவற்றில் நரம்பு செல்களுக்கே உரியவை என்று நினைத்திருந்த சேனல்கள், ஏற்பிகள், சுரப்புப் பைகளுக்கான புரதங்கள் பல இருந்தன. 2014-இல் நுண்ணோக்கி வழியாக அதன் உடலில் ஆறு வகை செல்கள் மட்டுமே இருப்பதாக விவரித்தார்கள். டெக்/ஈனாக் குடும்பத்து மரபணுக்கள் மட்டும் பத்துக்கும் மேல்.

கனடாவில் டொரோண்டோ பல்கலைக்கழகத்தின் மிசிசாகா வளாகத்தில் அட்ரியானோ செனட்டோரேயின் குழு அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தது. மரபணுவை எடுத்து, ஆய்வகத்தில் வளரும் பாலூட்டி செல்லுக்குள் புகுத்தினால், அந்த செல் டிரைக்கோபிளாக்ஸின் சேனலைத் தன் சவ்வில் கட்டும். பிறகு மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயை அந்த செல்லோடு ஒட்டி, மின்னழுத்தத்தை ஒரே அளவில் பிடித்துவைத்துக்கொண்டு, மேலே ஓடும் கரைசலை சட்டென்று மாற்ற வேண்டும். நடுநிலைக் கரைசல் ஓடும்போது திரையில் நேர்கோடு. அமிலக் கரைசல் தொட்டதும் கோடு செங்குத்தாகக் கீழே விழுகிறது. உள்நோக்கிப் பாயும் நேர்மின்னோட்டத்தைக் கீழ்நோக்கி வரைவதுதான் இத்துறையின் வழக்கம். விழுந்த கோடு அப்புறம் மேலே ஏறுகிறது, ஆனால் பழைய இடத்துக்கு முழுவதும் திரும்புவதில்லை. அமிலம் இருக்கும்வரை ஒரு சிறிய ஓட்டம் தொடர்ந்து நீடிக்கிறது. அமிலத்தை நிறுத்தினால் கோடு பழைய நிலைக்கு வருகிறது. மறுபடி அதே அமிலத்தைக் கொடுத்தால் இந்த முறை வீழ்ச்சி குறைவு. அடுத்த முறை இன்னும் குறைவு.

அந்தச் சேனலுக்கு டாட்நாக்2 என்று பெயர். 2023-இல் வெளியான இந்த ஆய்வில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அதன் குணக் கலவை. அமிலத்தை மீண்டும் மீண்டும் கொடுத்தால் சோர்ந்துபோவது ஏசிக்1ஏ-யின் குணம். பிஎச் 5-ஐ ஒட்டிப் போனால்தான் நன்றாகத் திறப்பது, அதாவது மந்தமான அமில உணர்வு, ஏசிக்2ஏ-யின் குணம். முதலில் ஒரு பாய்ச்சல், பிறகு நீடிக்கும் ஓட்டம் என்ற இரண்டு கட்டம் ஏசிக்3-இன் குணம். பாலூட்டிகளில் தனித்தனிச் சேனல்கள் பங்கிட்டுக்கொண்ட பண்புகள் இங்கே ஒரே புரதத்தில் இருக்கின்றன. குடும்பம் முழுவதையும் அடைக்கும் அமிலோரைடு மருந்துக்கு மட்டும் இது அவ்வளவாக மசிவதில்லை.

இதைப் பார்த்ததும் நம் ஏசிக்குகளுக்கெல்லாம் பாட்டி இதுதான் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் ஆய்வாளர்கள் இரண்டு வழிகளில் சரிபார்த்தார்கள். முதலாவது, ஏசிக்கில் புரோட்டான் வேலைக்கு இன்றியமையாதவை என்று கண்டறிந்த முக்கிய அமினோ அமிலங்கள் டாட்நாக்2-இல் இருக்கின்றனவா என்று தேடினார்கள். இல்லை. அமினோ அமிலங்களை மாற்றிப் பார்த்தபோது, உள்ளங்கையிலும் விரலிலும் டாட்நாக்2-க்கே உரிய வேறு இடங்கள்தான் அமிலத்துக்குப் பதில் சொல்கின்றன என்று தெரிந்தது. இரண்டாவது, பல நூறு டெக்/ஈனாக் வரிசைகளை வைத்து வம்சாவளி மரம் வரைந்தார்கள். அதில் டாட்நாக்2 ஏசிக் கிளையில் அமரவில்லை. டிரைக்கோபிளாக்ஸின் உறவுச் சேனல்களோடு சேர்ந்து, பித்த அமிலங்களால் தூண்டப்படும் பேசிக் என்ற சேனல்களின் பக்கம் அமர்ந்தது.

முடிவு இதுதான்: அமிலத்துக்குத் திறக்கும் திறன் இந்தக் குடும்பத்தில் ஒரு முறைக்கு மேல் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. உடம்பும் துளையும் பரம்பரைச் சொத்து. அமிலத்தைப் பிடிக்கும் பூட்டு மட்டும் தனிச் சம்பாத்தியம்.

இது ஏதோ நம்ப முடியாத தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. சேனலின் பெரிய வெளிப்பகுதி முழுக்க நீரில் நனைந்தபடி நிற்கிறது, அதில் மின்னேற்றம் கொண்ட அமினோ அமிலங்கள் ஏராளம். புரோட்டான் எந்த உயிரைச் சுற்றியும் எப்போதும் இருக்கும் பொருள். ஒரு பெப்டைடைப் பிடிக்க வேண்டுமானால் அதன் வடிவத்துக்கேற்ற குழி வேண்டும், அதைத் தயாரிக்கும் செல் ஒன்றும் வேண்டும். புரோட்டானைப் பிடிக்கவோ சரியான இடத்தில் ஒரு ஹிஸ்டிடினோ ஓர் ஆஸ்பார்டிக் அமில ஜோடியோ போதும். கை ஏற்கெனவே அசையக்கூடியது, துளை ஏற்கெனவே திறக்கக்கூடியது. அந்த அசைவைப் புரோட்டானோடு இணைக்கும் வழிகள் ஒன்றுக்கு மேல் இருக்கும்போது, பரிணாமம் வெவ்வேறு வழிகளைக் கண்டுகொண்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

புரோட்டான் எதிர்த்திசையில் வேலை செய்யும் சேனலும் அதே உயிரில் இருப்பது இந்த எண்ணத்துக்கு வலுச் சேர்க்கிறது. டாட்நாக்6 என்ற சேனலை இதே குழு 2019-இல் விவரித்தது. அது எதற்காகவும் காத்திருப்பதில்லை, சாதாரண நிலையிலேயே சோடியத்தைக் கசியவிட்டுக்கொண்டிருக்கும். புரோட்டான் கூடினாலோ கால்சியம் கூடினாலோ அந்தக் கசிவு அடைபடுகிறது. ஒரே குடும்பம், ஒரே உயிர். அமிலம் ஒன்றைத் திறக்கிறது, இன்னொன்றை மூடுகிறது.

கொட்டும் செல்லின் விசை

டிரைக்கோபிளாக்ஸில் சேனலின் குணம் நன்றாகத் தெரியும், ஆனால் விலங்கின் வாழ்க்கையோடு அதை இணைப்பது கடினம். கடல் சாமந்தியில் அந்த இணைப்பு கிடைத்திருக்கிறது.

நெமட்டோஸ்டெல்லா வெக்டென்சிஸ் என்பது கழிமுகங்களின் உவர்நீர்ச் சேற்றில் புதைந்து, விழுதுகளை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய கடல் சாமந்தி. ஜெல்லிமீன், பவளம், ஹைட்ரா ஆகியவற்றைப்போல இதற்கும் கொட்டும் செல்கள் உண்டு. ஒவ்வொரு கொட்டும் செல்லுக்குள்ளும் அழுத்தம் ஏறிய ஓர் உறை, அதற்குள் சுருண்ட குழல். ஹைட்ராவில் அளந்தபோது உறைக்குள் அழுத்தம் சுமார் 150 வளிமண்டலம். ஒரு வகை உறையில் ஈட்டி வெளியேற ஆன நேரம் 700 நானோநொடி. விலங்குலகின் மிக வேகமான அசைவுகளில் இது ஒன்று. ஆனால் ஒரு செல் ஒரு முறைதான் சுட முடியும், பிறகு புதிதாக ஒன்றை வளர்க்க வேண்டும். அதனால் எப்போது சுடுவது என்ற முடிவு அந்த உயிருக்கு விலையுயர்ந்த முடிவு.

2023-இல் வெளியான இன்னோர் ஆய்வு, கடல் சாமந்தி, பவளம், ஹைட்ரா, ஜெல்லிமீன் அடங்கிய இந்தப் பிரிவில் டெக்/ஈனாக் சேனல்கள் எதிர்பாராத அளவுக்குப் பலவகையாகப் பெருகியிருப்பதைக் காட்டியது. நெமட்டோஸ்டெல்லாவின் சேனல்களைத் தவளை முட்டைகளில் கட்டவைத்துச் சோதித்தபோது நீநாக்2 என்ற ஒன்று அமிலத்துக்குத் திறந்தது. அது இருக்கும் இடமோ கொட்டும் செல்கள். அடுத்து ஆய்வாளர்கள் செய்ததுதான் இந்த ஆய்வின் பலம். மருந்தால் சேனலை அடைத்துப் பார்த்தார்கள், மரபணுவையே நீக்கிய விலங்குகளையும் உருவாக்கிப் பார்த்தார்கள். இரண்டு வழியிலும் நீநாக்2-க்குக் கொட்டும் செல் சுடுவதில் பங்கு இருப்பது தெரிந்தது. சேனலின் மின்னோட்டத்தையும் விலங்கின் நடத்தையையும் ஒரே கோட்டில் கொண்டுவந்த இப்படிப்பட்ட சோதனைகள் எளிய கடல் உயிர்களில் அரிது.

சோடியம் இங்கே என்ன செய்கிறது என்று யோசிக்க 2020-இல் வந்த வேறொரு ஆய்வு உதவும். கொட்டும் செல் சுட கால்சியம் உள்ளே வர வேண்டும். நெமட்டோஸ்டெல்லாவின் கொட்டும் செல்லில் உள்ள கால்சியம் சேனலுக்கு ஒரு விசித்திர குணம்: செல்லின் சாதாரண ஓய்வு மின்னழுத்தத்திலேயே அது பெரும்பாலும் முடங்கிக் கிடக்கும். அதனால் வெறும் தொடுதல் மட்டும் செல்லைச் சுட வைப்பதில்லை. இரையின் வேதிச் சைகை வந்து, செல்லின் மின்னழுத்தத்தை இன்னும் எதிர்ப்பக்கம் இறக்கி முடக்கத்தை நீக்கிய பிறகு, தொடுதலும் சேர்ந்தால்தான் சுடும். அமிலத்தால் திறந்து சோடியத்தை விடும் சேனல் மின்னழுத்தத்தை நேர்ப்பக்கம் உயர்த்தும். முடக்கம் நீங்கியிருக்கும் நேரத்தில் அந்த உந்தல் வந்தால் கால்சியம் கதவு திறந்துவிடும். இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்து நான் போடும் கணக்கு இது. நீநாக்2 தனியாகச் சுடுவதில்லை, சுடும் முடிவுக்குள் தன் வாக்கைப் போடுகிறது.

உண்மையான ஏசிக்குகள் எங்கே?

டாட்நாக்2 ஏசிக் இல்லை என்றால் ஏசிக் எப்போது தோன்றியது? முதுகெலும்பிகளில் மட்டும்தான் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். 2018-இல் டிமத்தி லைனாவும் சக ஆய்வாளர்களும் வாலுடன் நீந்தும் சிறு கடல் உயிரான ஓய்கோப்ளூராவிலும், மீன்போன்ற சிறு உயிரான லான்ஸ்லெட்டிலும், ஏகார்ன் புழுக்கள் என்ற கடல் புழுக்களிலும், நட்சத்திர மீன்களிலும் ஏசிக்கைத் தேடிப் பிடித்தார்கள். இந்தச் சேனல் 60 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது என்பது அவர்களின் முடிவு. 2023-இல் அதே வரிசையில் வந்த ஆய்வு இன்னும் அகலமாக வலை வீசியது. சிப்பிபோல ஓடுடைய பிராக்கியோபாட், குழாய்க்குள் வாழும் புழுபோன்ற ஃபோரோனிட், வளையப்புழு, எளிய உடலமைப்புக் கொண்ட ஹோஃப்ஸ்டேனியா என்ற கடல் புழு ஆகியவற்றிலும் ஏசிக் இருந்தது. பூச்சிகளும் உருளைப்புழுக்களும் அடங்கிய பிரிவு மட்டும் அதைத் தொலைத்துவிட்டது. இந்தக் கடல் உயிர்களில் ஏசிக் மைய நரம்பு மண்டலத்தில் மட்டும் இல்லை. உடலின் வெளிவிளிம்பிலும் உணவுப் பாதையைச் சுற்றியும் இருக்கிறது. உடலுக்கு வலமும் இடமும் ஏற்பட்ட ஆரம்ப காலத்திலேயே, அமிலம் நேரில் வந்து படக்கூடிய இடங்களில் இந்தச் சேனல் வேலைக்கு அமர்ந்திருந்தது என்று இதிலிருந்து புரிகிறது.

ஏசிக்குக்கும் முந்தைய மூதாதைச் சேனல் எதற்குத் திறந்தது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஹைட்ராவின் சேனல்கள் அதன் நரம்புகள் சுரக்கும் சிறு பெப்டைடுகளால் நேரடியாகத் திறக்கின்றன என்று 2007 முதல் வந்த ஆய்வுகள் காட்டின. நத்தை, கடல் வளையப்புழு ஆகியவற்றிலும் பெப்டைடால் திறப்பவை உண்டு. அதை வைத்து, பெப்டைடுதான் ஆதிச் சாவி என்று ஒரு தரப்பு சொன்னது. நெமட்டோஸ்டெல்லா ஆய்வு புரோட்டான் போன்ற எளிய, எங்கும் இருக்கும் தூண்டலே பழையது என்ற பக்கம் சாய்கிறது. பூட்டு இத்தனை எளிதாக மாறும் குடும்பத்தில், இன்றைய சந்ததிகளின் சாவிகளை எண்ணி மூதாதையின் சாவியைக் கண்டுபிடிப்பது கடினம் என்பது என் கருத்து. விலங்குகளுக்கு வெளியே உள்ள ஒருசெல் உயிர்களிலும் டெக்/ஈனாக் இருப்பதற்கு வம்சாவளிச் சான்று வந்திருக்கிறது. அவை எதற்குத் திறக்கின்றன என்று பார்ப்பது இந்த வாதத்துக்கு அதிகம் உதவும்.

இந்தச் சேனல்களைப் பற்றிப் பேசினாலே கடல் அமிலமாதல் பற்றிய கேள்வி வந்துவிடும். கடல் அமிலமாகிக்கொண்டிருப்பது உண்மை, கவலைப்பட வேண்டியதும்கூட. தொழிற்புரட்சிக்குப் பின் கடல் மேற்பரப்பின் பிஎச் சுமார் 0.1 குறைந்திருக்கிறது, அதாவது புரோட்டான் ஏறக்குறைய 26 சதவீதம் கூடியிருக்கிறது. ஓடு கட்டும் உயிர்களுக்கு அது பெரிய பாரம். ஆனால் டாட்நாக்2 திறக்க 8.1-இலிருந்து 5 பக்கம் போக வேண்டும், அது ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட மாற்றம். கடலின் பொதுவான பிஎச் எந்தக் காலத்திலும் அங்கே போகப்போவதில்லை. ஆகவே இந்தச் சேனல் கடலின் நிலையை அளக்க வந்தது அல்ல. மிக அருகில், மிகச் சிறிய இடத்தில், குறுகிய நேரத்துக்கு எழும் அமிலத்தை உணர வந்தது.

அப்படிப்பட்ட சிறிய இடம் டிரைக்கோபிளாக்ஸுக்கு உண்டு. பாசித் திட்டு ஒன்றின் மேல் வந்ததும் அது ஊர்வதை நிறுத்துகிறது. வயிற்றுப் பக்கத்து நுண்மயிர்களின் துடிப்பு அடங்குகிறது. பாசிக்கு நேர் மேலே இருக்கும் சுரப்பு செல்கள் மட்டும் தங்கள் பைகளை அவிழ்க்கின்றன, கீழே பாசி செல்கள் நொடிகளில் உடைகின்றன. உடலுக்கும் பாறைக்கும் நடுவே அடைபட்ட அந்த மெல்லிய நீரில்தான் செரிமானம் முழுவதும் நடக்கிறது. சுரப்புப் பைகளின் உள்ளடக்கம் பொதுவாக அமிலத்தன்மை கொண்டது, உடைந்த செல்லிலிருந்து கொட்டுவதும் கடல்நீரைவிட அமிலம் கூடியது. அந்த இடைவெளியின் பிஎச் சில நொடிகளுக்கு 5-ஐ நெருங்கினால், டாட்நாக்2-இன் முதல் பாய்ச்சல் "உணவு உடைந்துவிட்டது" என்ற சேதியாகவும், பின்னால் நீடிக்கும் ஓட்டம் செரிமானம் முடியும்வரை ஊராமல் நிற்கச் சொல்லும் கட்டளையாகவும் இருக்க முடியும். அவ்வளவு தூரம் இறங்காவிட்டால் தேட வேண்டியது இன்னும் குறுகலான இடம், இரண்டு செல்களுக்கு நடுவிலான இடுக்கு. அங்கே ஒரு செல்லின் பை அவிழ்ந்தாலே போதும், பக்கத்து செல்லின் சேனல் திறந்துவிடும்.